பாம்பன் பாலம் தாண்டி: நர்சிங் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

மலேசியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வேறெங்கோ நர்சிங் படித்துக்கொண்டு, சமூக நலப் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிற பிள்ளைகள் ராமநாதபுரக் கடற்கரைக்கு ஒரு நாள் ஒதுக்குவது உண்டு. காலையில் ஆரம்ப சுகாதார நிலையம், மதியத்துக்கு மேல் கோயில், பாலம், தனுஷ்கோடி என்று திட்டம் போட்டிருப்பார்கள். முன்பாதி படிப்பு, பின்பாதி ஊர் சுற்றல். இந்தக் கரைக்கு அப்படிக் கோடு கிழிப்பது பொருந்தாது. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று நிலம் முடிகிற வரைக்கும் ஒரே சாலை. பார்க்க வேண்டிய இடமும் படிக்க வேண்டிய பாடமும் அந்தச் சாலையில் ஒன்றாகவே கிடக்கின்றன.

முதலில் கிழமையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். வீடு வீடாகப் போய் ஆண்களுக்கு பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டுமென்று புதன்கிழமை இரவு கிளம்பினால், "கடலுக்குப் போயிருக்காக" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். ஆனால் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன். ஆகவே புதன் பகலில் தடுப்பூசியைப் பார்த்துவிட்டு, இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, வியாழன் விடியலில் மீன் இறங்குதளத்துக்குப் போவது நல்ல கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பரிசோதனை முகாமுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, வெயிலைத் தாங்க முடிந்தால்.

இன்னொன்று. உங்களுக்கு இங்கே செவிலியர் பதிவு கிடையாது. ஊசி போடுவது, காயம் தைப்பது, மருந்து கொடுப்பது எதுவும் உங்கள் வேலை அல்ல. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். நோயாளியைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். முகம் தெரியாமல் எடுத்தாலும் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

தடுப்பூசி நாளில் கேரியரைத் திறக்கும் விதத்தைக் கவனியுங்கள். நான்கு ஐஸ் பேக் வைக்கும் பெட்டி அது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற சத்தம் வந்த பிறகுதான் வைக்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் மருந்து சூடாகிவிடும் என்ற பயத்தில் அவசரப்பட்டு உறைந்த பேக்கை வைத்துவிட்டால், பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான தடுப்பூசி), டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போன்றவை உறைந்து வீணாகும். 2 முதல் 8 டிகிரிதான் அதன் எல்லை. வெயில் கெடுத்ததைக் குப்பியின் மேலுள்ள கட்டத்தின் நிறம் காட்டிக்கொடுக்கும். குளிர் கெடுத்ததை அது காட்டாது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

இறங்குதளத்தில் கரையேறினவரை உடனே உட்காரவைத்து பி.பி. பார்க்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, வலை இழுத்த கை, இறங்கியதும் ஒரு டீ, ஒரு பீடி. அந்த நேரத்து எண்ணை வைத்து அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று எழுதினால் தப்பு. அரை மணி நேரம் விட்டு, ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், சட்டைத் துணிமேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றுங்கள். வலை இழுக்கிறவர்களின் புஜம் தடித்தது. சாதாரண அளவுப் பட்டை சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று கையோடு கொண்டுபோவது இந்தக் கரைக்கு அவசியம்.

இங்கே கட்டாயம் கற்றுக்கொண்டு போக வேண்டியது திருக்கை முள் குத்துக்கான முதலுதவி. பாடப்புத்தகத்தில் அது இரண்டு வரி. இங்கே அது அன்றாடம். திருக்கையின் வாலில் இருக்கிற முள்ளின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிய பற்கள் உண்டு. போகும்போது எளிதாகப் போகும், வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளை மூடியிருக்கும் உறையில் நஞ்சு இருக்கிறது. குத்தியவுடன் எரிகிற கடுப்பு, அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஏறிக்கொண்டே போகும். ஆள் மயங்கி விழவும் கூடும். அதனால் முதல் வேலை தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்து படுக்கவைப்பது அல்லது சாய்த்து உட்காரவைப்பது.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் காலை முக்கி வையுங்கள். நஞ்சிலுள்ள புரதம் சூட்டில் கெடும், அதனால் வலி இறங்கும். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம்.

தவறு நடப்பது இந்த 45 டிகிரியில்தான். கடற்கரையில் தெர்மாமீட்டர் இருக்காது. கணக்கு ஒன்று மனத்தில் இருக்கட்டும்: கொதிக்கிற தண்ணீர் ஒரு சொம்பு, 30 டிகிரியில் இருக்கிற சாதாரணத் தண்ணீர் நான்கு சொம்பு. சேர்ந்தால் 44 டிகிரி. ஆனால் மே மாத மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே 38 டிகிரி இருக்கும். அதே ஒன்றுக்கு நான்கு கலந்தால் 50ஐத் தாண்டிவிடும், தோல் வெந்துவிடும். மண்பானைத் தண்ணீரைக் கலந்தால் 40 அளவில்தான் நிற்கும், வலி இறங்காது. அதனால் எந்தத் தண்ணீரைக் கலக்கிறோம் என்று பார்த்து, கலந்தபின் குத்துப்படாத காலை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் முழங்கையையும் வைத்துப் பாருங்கள். குத்துப்பட்ட காலுக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு இரண்டு காலுமே சூடு சொல்லாது; அங்கே உங்கள் முழங்கைதான் அளவுகோல். தண்ணீர் ஆறினால் காலை வெளியே எடுத்த பிறகுதான் கொதிநீர் ஊற்றிக் கலக்க வேண்டும். காலை உள்ளே வைத்துக்கொண்டே பக்கத்தில் ஊற்றுவதால் நேர்கிற வெந்த புண், முள் குத்தைவிட அதிக நாள் படுத்தும்.

செய்யக் கூடாதவை: கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் பூசுவது. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் பாய்ந்திருந்தால் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி 108 ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். கால் குத்து சின்னதாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரே தேவை. உடைந்த துண்டு உள்ளே இருந்தால் இரண்டு வாரம் கழித்துப் புண்ணாகி ஒழுகும். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று கேளுங்கள். "சின்ன வயசில" என்றால் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

குறிப்பேட்டில் எழுதும் முறையையும் பழகுங்கள். "6.10 குத்து, இடது கணுக்கால் உட்புறம். 6.25 வெந்நீர். வலி பத்துக்கு ஒன்பது. 6.55 வலி நான்கு. தோல் சிவப்பு இல்லை." இந்த நான்கு வரியை வைத்துத்தான் அடுத்து பார்க்கிற டாக்டர் முடிவெடுப்பார். கடல் கெளுத்தியின் முள் குத்துக்கும் இதே வெந்நீர்தான். குத்தாமல் இருக்க இங்கத்தி ஆட்கள் செய்வதும் எளிது: ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடப்பார்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கதை வேறு. ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காத நஞ்சுப் பைகள் ஏராளம். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணல் போட்டுத் தேய்த்தாலோ அவை வெடிக்கும். கடல் தண்ணீராலேயே கழுவி, கையுறை போட்டோ சாமணத்தாலோ இழைகளை எடுங்கள். வினிகர் எல்லாச் சொறிக்கும் ஆகாது. பெட்டிச் சொறிக்கு நல்லது, நீலக் குமிழ் போல மிதக்கிற வகைக்குப் பரிந்துரைப்பதில்லை. எது பட்டது என்று தெரியாதபோது கடல்நீரோடு நிறுத்திக்கொண்டு, பிறகு வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது பாதுகாப்பு. மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

கடல் பாம்பு வலையோடு ஏறும். கடி பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஏமாற்றும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், பிறகு கறுத்த சிறுநீர் என்று வரும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. இந்தியாவில் கிடைக்கிற பாம்பு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. கடல் பாம்புக்கு அல்ல. ஆகவே கடிபட்ட கை, காலை அசையாமல் கட்டி, டயாலிசிசும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு நேரத்தோடு கொண்டுபோவதே சிகிச்சையின் பெரும்பகுதி. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 55 கிலோமீட்டர் அளவு. அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு முடிவும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற பழக்கம் ஆபத்து. ஓரத்தில் இடம் இல்லை. 1988இல் திறந்த பாலம் அது. அதன் மேலிருந்து பார்த்தால் 1914இல் திறந்து, நடுவில் இரண்டு இறக்கைகளாகத் தூக்கிய பழைய ரயில் பாலத்தின் தடமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் தெரியும். புதியதன் நடுத்துண்டு 72.5 மீட்டர், லிஃப்ட் போல நேரே 17 மீட்டர் மேலே ஏறும். பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடக்கைப் பெண்கடல் என்பார்கள், தெற்கை ஆண்கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண்கடல் சீறும்போது பெண்கடல் அடங்கியிருக்கும், வாடைக்காற்றில் தலைகீழ்.

பாலத்துக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயரில் உள்ள கேம்ப், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் தனிமைப்படுத்தி வைத்த முகாம். காலரா, அம்மை கடல் தாண்டாமலிருக்க ஆட்களை நிறுத்திப் பார்த்த இடம். பின்னாளில் எதிர்த்திசையில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அதுவே முகாமானது. தனிமைப்படுத்துதல் பற்றிப் படிக்கிற மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை. முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்கக் கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும்போது போவார்கள். சேலைமேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியை மூச்சுப் பிடித்து முங்கிப் பறிக்கிறார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். முதலாம் ஆண்டு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் ஊற்றினீர்களே, அதே அகர். 85 டிகிரி அளவில் உருகி 40க்குக் கீழேதான் உறையும் என்பதால், கிருமி வளர்க்கிற 37 டிகிரியில் ஜெலட்டின் போலக் கரைந்துவிடாது. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண். அவர் அதைச் சமையலறையிலிருந்து எடுத்தார். உலகத்தில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி என்று முடிவு வருகிறதே, அதன் ஒரு நுனி இந்தப் பெண்களின் விரலில் இருக்கிறது.

அந்த விரல்களைப் பக்கத்தில் பாருங்கள். துணி சுற்றியும் நகக்கண் வெளுத்து, ஊறி, பவளப்பாறை கீறிய கோடுகள் இருக்கும். பவளக் கீறலில் சுண்ணாம்புத் துகள்கள் தங்கிவிடும். அவை போகாமல் மருந்து வைத்தால் புண் மாதக்கணக்கில் ஆறாது. குடிக்கிற தரத்துத் தண்ணீரை நிறைய ஊற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துகளை எடுப்பதுதான் சிகிச்சையின் முதல் பாதி. கடல்நீர் பட்ட புண் சில மணி நேரத்தில் வேகமாகச் சிவந்து, நீர்க்கொப்புளம் கட்டினால் அது சாதாரணப் புண் அல்ல. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே அனுப்ப வேண்டும். கல்லீரல் நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் இருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் தண்ணீரில் நிற்கிறவர்கள், குடிக்கவும் ஒதுங்கவும் வழியில்லாமல் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்க் கடுப்பு, இடுப்பு வலி, காதில் சீழ் இவற்றை ஆண்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டார்கள். "அக்கா" என்று கூப்பிட்டு, தனியாக, அவசரமில்லாமல் கேட்டால் சொல்வார்கள். "கடலுக்குப் போகாதீங்க" என்று அறிவுரை சொல்லாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. போவதற்கு முன் ஒரு சொம்பு, வந்தவுடன் இரண்டு சொம்பு என்று சொன்னால் கேட்பார்கள்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடுகிறவர்களைப் பாருங்கள், குறிப்பாக வயதானவர்களின் காலை. ஈரக் கல்தளம், நனைந்த சேலை, வெறுங்கால். யாராவது விழுந்து எழ முடியாமல் கிடந்தால், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுப்பெலும்பு முறிவு. கை கொடுத்துத் தூக்கி நிறுத்துகிற கூட்டத்தைத் தடுப்பதே உங்கள் உதவி.

தனுஷ்கோடிக்கு மூன்று மணிக்குள் கிளம்புங்கள். சாயங்காலம் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிழல் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலோடு ஊரே போனது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் நிற்கின்றன. அந்த இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு இருக்கிறவர்கள் மணலில் சில அடி தோண்டி எடுக்கிற நல்ல தண்ணீரைப் பாருங்கள். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, அதனால் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் இனிப்பாக வரும். மோட்டார் வைத்து இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். பக்கத்தில் கழிப்பறைக் குழி தோண்டினால் மணல் வடிகட்டும் என்று நம்ப முடியாது; காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இந்தத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது முக்கியமாகிறது. 20.5 கிராம் பொட்டலம் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர். வீட்டில் கலந்தால் அதே ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து. இந்தக் கரையில் பல கிணறுகள் உவர்ப்பு. உவர்த் தண்ணீரில் கலந்தால் உப்பு கூடி, வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு நல்லது செய்வதற்குப் பதில் கெடுதல் செய்யும். அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன், "எந்தத் தண்ணியில கலப்பீங்க?" என்று கேட்டு, அந்தத் தண்ணீரை நீங்களே நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் குடத்தண்ணீர் வாங்கிக் கலக்கச் சொல்லுங்கள்.

சாலை முடிகிற அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடலும் முட்டுகிற இடத்தில் அடிநீரோட்டம் காலை வாரும். மூழ்கினவரைக் கரையேற்றினால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கக் கூட்டம் முந்தும், தலைகீழாகத் தூக்கவும் சொல்வார்கள். இரண்டும் வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளும். மூழ்கினவருக்குக் குறைவது காற்று. அதனால் முதலில் மூச்சு: உங்கள் நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறபடி இரண்டோ ஐந்தோ, பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் தாமதித்தும் வரும்.

கடற்கரையில் விற்கிற பவளம், காய்ந்த கடல்குதிரை வாங்காதீர்கள். கடல் அட்டையையும் சேர்த்து இவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விமான நிலையத்தில் பிடிபட்டால் படிப்பே நிற்கும். பனையோலைக் கொட்டான், கருப்பட்டி, முண்டு மிளகாய் வாங்குங்கள்.

மனநோயாளிகளைக் குணம் தேடிக் கூட்டிவருகிற தர்கா உள்ள ஏர்வாடி இந்த ஒரு நாளில் அடங்காது. கீழக்கரை வழியாகத் தனியாகப் போக வேண்டும், மனநல செவிலியப் பாடம் படிக்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இப்போது தர்காவில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க ஏற்பாடு உண்டு. குடும்பத்தாரிடம் "ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க வந்தீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "மாத்திரை இன்னும் எத்தன நாளைக்கு இருக்கு?" என்று கேளுங்கள். பேசிக்கொண்டே கணுக்காலையும் மணிக்கட்டையும் பாருங்கள். தழும்பு புதிதாக இருந்தால் உடன் வருகிற செவிலியரிடம் அப்போதே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் குடும்பம் கூப்பிட ஒரு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.